முன்னால் போனபின் கையை நிறுத்தாதே

நாராயணவனத்தில் என்னிடம் பாக்ஸிங் பழக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "லவ்லினா அக்கா உலக சாம்பியன் ஆனவங்க. அவங்களைப் போய் ஏன் தாத்தா குறை சொல்றீங்க?" பேட் பிடித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் பாட்டியோ அம்மாவோ வாசித்துக் காட்டட்டும்.

வடசென்னையில் நான் பழகிய காலத்தில் தோற்றவனை வாத்தியார் திட்டமாட்டார். முதுகைத் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஜெயித்து வந்தவனைத்தான் உட்கார வைத்து, எந்த ரவுண்டில் கால் நின்றது, எந்தக் குத்தை வாங்கியிருக்கவே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். மிடில்வெயிட்டில் நம் நாடு கண்ட இரண்டு பெரிய பெயர்கள் விஜேந்தர் சிங், லவ்லினா போர்கோஹெய்ன். இருவர் மேலும் எனக்கு ஒரே குறைதான். முன்னால் போய்விட்டோம் என்று தெரிந்ததும் சண்டை போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். எதிராளி நெருங்கினால் கட்டிப்பிடிக்கிறார்கள். மிச்சத்தை நடுவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதைப் பழகக் கூடாது.

1. குறை சொல்வதற்கு முன் அந்த ஆள் செய்ததை முழுசாகத் தெரிந்துகொள்.

லவ்லினா அஸ்ஸாமில் கோலாகாட் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். முய் தாய் ஆடிக்கொண்டிருந்து பாக்ஸிங்குக்கு வந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்த எடையே கிடையாது என்று ஆனபோது, கீழே 66க்கு இறங்காமல் மேலே 75க்குப் போனார். எலும்பும் தோளும் பெரிதான பெண்கள் நிற்கிற இடம் அது. அங்கே 2022இல் அம்மானில் ஆசிய சாம்பியன். 2023 மார்ச்சில் தில்லியில் ஆஸ்திரேலியாவின் கெய்ட்லின் பார்க்கரை வென்று உலக சாம்பியன். எடை மாறி ஒன்றரை வருடத்துக்குள் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை. இந்தப் பெண்ணைத்தான் நான் குறை சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

2. உன்னிடம் தோற்றவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று யோசி.

சீனாவின் லீ சியானைத் தெரிந்துகொள். 2016 ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி, இரண்டுக்கும் நடுவே 2018இல் தில்லியில் உலக சாம்பியன் பட்டம். 2023 மார்ச்சில் அதே தில்லியில் அரையிறுதியில் லவ்லினா அவரை 4-1 என்று வென்றார். அருமையான சண்டை. தூரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நீளமான நேர்க்குத்தால் லீயை உள்ளே வரவிடாமல் ஆடினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் லீ வென்றார். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் மறுபடியும் லீ, 4-1. அப்போது லீக்கு வயது 34, நம் பெண்ணுக்கு 26. ஓடி ஆடக்கூடிய வயது நம்மிடம் இருந்தது, ஆனால் ஓட்டம் அவரிடம் இருந்தது. தில்லியில் எந்தத் தூரத்தில் நின்று அடி வாங்கினாரோ அந்தத் தூரத்தில் அவர் அப்புறம் நிற்கவே இல்லை. உள்ளே வந்தார், ஒன்று இரண்டு என்று தொட்டார், வெளியே போனார். லவ்லினா பதில் குத்துக்குக் காத்திருந்தார். காத்திருந்த இடத்தில் எதிராளி இல்லை. நெருக்கம் வந்தபோதெல்லாம் இருவரும் கட்டிப்பிடித்தார்கள். பாரிஸ் சண்டையில் பாதி நேரம் ரெஃப்ரி பிரித்துவிட்டுக்கொண்டே இருந்தார். லீயும் கட்டிப்பிடித்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் தொட்டுவிட்டுப் பிடித்தார். நம் பெண் தொடுவதற்கு முன்பே பிடித்தார். ஐந்து நடுவர்களில் நான்கு பேர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் போதுமாக இருந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் அதிகம். ஏனென்றால் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளத் தெரியாதவர் அல்ல லவ்லினா. 2018 உலகப் போட்டி அரையிறுதியில் தைவானின் சென் நியென்-சின்னிடம் தோற்றார். டோக்கியோவில் அதே சென் நியென்-சின்னை 4-1 என்று அடித்துத்தான் பதக்கத்தையே உறுதி செய்தார். தோற்றபோது தன்னை மாற்றிக்கொண்டவர், ஜெயித்தபோது மாற்றிக்கொள்ளவில்லை. நீ ஒருவரை வென்றுவிட்டு வந்த மறுநாளே, அவர் இடத்தில் நின்று உன்னை எப்படி அடிப்பது என்று பழகிப் பார்.

3. முன்னால் இருக்கும்போது பிடிக்காதே. குத்து.

2010 அக்டோபர், தில்லி காமன்வெல்த் விளையாட்டு, 75 கிலோ அரையிறுதி. விஜேந்தர் அப்போது யார்? 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பாக்ஸிங்கின் முதல் பதக்கத்தை வாங்கித் தந்தவர். 2009இல் மிலானில் உலகப் போட்டி வெண்கலம். உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர். எதிரே இங்கிலாந்தின் அந்தோணி ஒகோகோ. அரங்கம் முழுக்க நம் ஜனம். கடைசி ரவுண்டுக்குப் போகும்போது விஜேந்தர் 3-0 என்று முன்னால் இருந்தார்.

அந்தக் காலக் கணக்கில் ஒரு எச்சரிக்கை என்றால் எதிராளிக்கு இரண்டு புள்ளி. விஜேந்தர் பிடித்தார், எச்சரிக்கை. மறுபடி பிடித்தார், மறுபடி எச்சரிக்கை. 3-4. ஒகோகோ குத்தி வாங்கிய புள்ளி ஒன்றுகூட இல்லை, நான்கும் விஜேந்தர் கொடுத்தது. ரெஃப்ரியைத் திட்டினவர்கள் அன்று நிறையப் பேர். நான் ரெஃப்ரியைத் திட்டமாட்டேன். மூன்று புள்ளி முன்னால் இருக்கிறவன் ஏன் ஒருவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்? ஒரு நேர்க்குத்து, ஒரு பக்கவாட்டு அடி, மறுபடி ஒரு நேர்க்குத்து. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அவரால் முடியாது என்றால் நான் பேசவே மாட்டேன். அடுத்த மாதமே குவாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் உஸ்பெகிஸ்தானின் அப்பாஸ் அத்தோயேவை 7-0 என்று வென்றார். அத்தோயேவ் இரண்டு எடைகளில் உலக சாம்பியன். முந்தைய ஆண்டு மிலானில் விஜேந்தரைத் தோற்கடித்ததும் அவரேதான். அப்படிப்பட்ட ஆளை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் அடித்த கையும் தில்லியில் ஒகோகோவைக் கட்டிப்பிடித்த கையும் ஒரே மனிதனுடையவை. அதனால்தான் கோபம் வருகிறது.

இப்போது விதி இன்னும் கடுமை. எச்சரிக்கை விழுந்தால் ஐந்து நடுவர்கள் அட்டையிலும் ஒரு புள்ளி போகும்.

4. பிடிப்பது கையின் குற்றம் இல்லை, காலின் குற்றம்.

ஒருவன் கட்டிப்பிடிக்கிறான் என்றால் அவன் கால் அவனை வெளியே கொண்டுபோக மறுக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கைத்தறியில் மிதியை மிதித்து இழை விலகின பிறகுதான் நாடா ஓடும். மிதிக்காமல் நாடாவை எறிந்தால் நூல் அறுந்துதான் போகும். குத்தும் அப்படித்தான். கால் இடம் பிடித்த பிறகு கை போக வேண்டும். குத்தின பிறகு கால் பக்கவாட்டில் விலக வேண்டும். நேராகப் பின்னால் போனால் கயிற்றில்தான் போய் நிற்பாய். கயிற்றில் நின்றவனுக்குக் கட்டிப்பிடிப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது.

அதனால்தான் உங்களை அருணா நதி மணலில் ஓட வைக்கிறேன். தார் ரோட்டில் ஓடுவது சுகம். மணலில் கெண்டைக்கால் எரியும். எரியட்டும். மூன்றாவது ரவுண்டில் இரண்டாவது நிமிஷத்தில் அந்தக் கெண்டைக்கால்தான் பேசும். ஸ்கிப்பிங்கை நடுவில் விட்டுவிட்டு பையைக் குத்தப் போகிறவர்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

5. முதல் ரவுண்டைச் சேமித்து வைக்க முடியாது.

2013க்கு முன்பு விழுந்த குத்தையெல்லாம் மெஷினில் எண்ணி மொத்தமாகக் கூட்டினார்கள். அப்போது ஆறு புள்ளி முன்னால் போனால் அது கடைசிவரை உன்னுடன் வரும். இப்போது ஒவ்வொரு ரவுண்டையும் தனித்தனியாகப் பத்துப் புள்ளி முறையில் போடுகிறார்கள். முதல் ரவுண்டை நீ எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் பெரும்பாலும் 10-9தான். மூன்றாவது ரவுண்டில் எதிராளி கொஞ்சம் அதிகமாக உழைத்தாலே அவனுக்கும் அதே 10-9.

நிஷாந்த் தேவை எடுத்துக்கொள். பாரிஸில் ஆண்களுக்கு 75 கிலோவே இல்லை. 71, அதற்கு மேல் 80. மிடில்வெயிட்டுக்கு அருகில் நமக்கு இருந்தவர் 71இல் நின்ற நிஷாந்த். காலிறுதியில் மெக்ஸிகோவின் மார்க்கோ வெர்டேயை எதிர்த்து முதல் ரவுண்டை எடுத்தார். முடிவில் 1-4 என்று தோற்றார். தீர்ப்பு அநியாயம் என்று நாடே பேசியது. விஜேந்தர்கூடப் புள்ளி போட்ட முறையைக் கேள்வி கேட்டார். எனக்கும் அந்த 4-1 பிடிக்கவில்லை, அவ்வளவு இடைவெளி அந்தச் சண்டையில் இல்லை. ஆனாலும் மூன்றாவது ரவுண்டைத் திரும்பப் பார்த்தால் நிஷாந்தின் கை இறங்கிக்கொண்டே போவது தெரியும். வெர்டேயின் கை ஏறிக்கொண்டே போவதும் தெரியும். நடுவர் கையில் நம் தலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் நியாயம் கேட்பது எந்தக் காலத்திலும் தாமதம்தான்.

6. தொடக்கத்தை விட்டுக்கொடுப்பதும் அதே நோய்.

மார்வின் ஹாக்லரை விடப் பெரிய மிடில்வெயிட்டை நான் மதிப்பதில்லை. 1980இல் லண்டனில் பட்டம் வாங்கி, 12 முறை காப்பாற்றினார். 1987 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஷுகர் ரே லெனார்டை எதிர்த்தபோது, வழக்கமாக இடதுகைக்காரர் மாதிரி நிற்கும் அவர் முதல் ரவுண்டுகளில் வலதுகைக்காரர் மாதிரி நின்று ஆடினார். அந்த ரவுண்டுகள் லெனார்டுக்குப் போயின. மூன்று நடுவர்களில் இருவர் லெனார்டுக்குப் போட்டார்கள். ஹாக்லர் தான் ஏமாற்றப்பட்டதாகவே நம்பினார், அப்புறம் ரிங்குக்குள் வரவே இல்லை. அவ்வளவு பெரிய ஆளே ரவுண்டுகளை இனாமாகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியவில்லை.

7. கையைத் தாழ்த்தி நிற்பதை யாரிடமிருந்தும் பழகாதே.

1980இல் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். அதற்குப் பிறகு வடசென்னையில் பல பையன்கள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிங்குக்குள் போனார்கள். மூக்கு உடைந்து திரும்பினார்கள். விஜேந்தரைப் பார்த்து அதே காரியத்தைச் செய்த தலைமுறை ஒன்றும் உண்டு. கார்டு மேலே இருக்கட்டும். பேச்சு முடிந்தது.

8. உயரத்தை நம்பாதே.

இதை உங்களில் நெட்டையாக இருக்கிறவர்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். விஜேந்தர் 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் புரொஃபஷனலாக இறங்கினார். 2016 ஜூலையில் தில்லியில் கெர்ரி ஹோப்பை வென்று சூப்பர் மிடில்வெயிட்டில் டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் பட்டம் வாங்கினார். தொடர்ந்து 12 சண்டை ஜெயித்தார். பெரும்பாலும் எதிராளியைத் தன் கை நீளத்துக்கு வெளியே நிறுத்தியே ஜெயித்தார். 2019 நவம்பருக்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ரஷ்யாவின் அர்திஷ் லோப்சானை எதிர்த்து இறங்கினார். லோப்சான் அவரைவிட உயரம், வயதும் குறைவு. தூரத்தில் நின்றால் லோப்சானின் கைதான் முதலில் வந்தது. உள்ளே போய் அடிக்கும் பழக்கம் விஜேந்தரிடம் இல்லை. ஐந்தாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது.

வயதும் இடைவெளியும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இருபது வயதில் உள்ளே போய் விலாவில் அடிக்கப் பழகியிருந்தால் 35 வயதில் அது கைகொடுத்திருக்கும். அதனால்தான் நெட்டைப் பிள்ளைகளைக் குட்டையானவர்களோடும், குட்டையானவர்களை நெட்டையானவர்களோடும் மாற்றி மாற்றி ஸ்பாரிங் விடுகிறேன். "எனக்கு அவன் ஒத்துவரலை தாத்தா" என்று வந்து நிற்காதே. ஒத்துவராதவனோடுதான் பழக வேண்டும்.

9. எடையைத் தண்ணீரில் குறைக்காதே.

பதினாறு வயதுப் பையன் இரண்டு கிலோ குறைக்க மே மாத வெயிலில் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அது எடை இல்லை, உன் ரத்தத்தில் இருக்கிற தண்ணீர். தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்கினால் ஆபத்து கூடும். வளருகிற வயதில் உடம்பு எந்த எடைக்குப் போகிறதோ அந்த எடையில் நில். லவ்லினா மேலே போய்த்தான் உலக சாம்பியன் ஆனார் என்பதை இங்கே அவரிடமிருந்து கற்றுக்கொள். வீட்டில் ராகிக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் இருக்கும்போது, டப்பாவில் விற்கிற பவுடரைக் கடன் வாங்கிக் குடிக்காதே. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

10. கையைக் கட்டு, தலையைக் காப்பாற்று.

பக்கத்தில் புத்தூர் இருக்கிறது, எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் நம் பிள்ளைகளுக்கு ஜாஸ்தி. புத்தூர் கட்டுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பது எனக்கும் பெருமைதான். ஆனால் குத்துகிறவன் உடைத்துக்கொள்வது புறங்கையில் இருக்கிற சின்ன எலும்புகளை. அவை கோணலாகக் கூடினால் விரலை மடக்க முடியாது. முதலில் எக்ஸ்ரே, அப்புறம் மற்றது. அதைவிட, பேண்டேஜ் துணியை மணிக்கட்டிலிருந்து விரல் மூட்டு வரை ஒழுங்காகச் சுற்றினால் பாதிப் பேருக்கு எக்ஸ்ரே தேவைப்படாது. அவசரத்தில் சுற்றாமல் பையைக் குத்துகிறவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

தலைக்குக் கட்டுப் போட எந்த ஊரிலும் ஆள் இல்லை. அடி வாங்கி ஒரு நொடி கண் இருட்டினாலும், வாந்தி வந்தாலும், அன்று இரவு தலைவலி விடாமல் இருந்தாலும் என்னிடம் சொல், அம்மாவிடம் சொல். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. இதில் வீரம் காட்டுகிறவன் என் பிள்ளை இல்லை.

11. சாம்பியனைப் பற்றிப் பேசும்போது பார்த்ததை மட்டும் பேசு.

பாரிஸ் தோல்விக்கு அடுத்த நாள் டீக்கடையில் நின்றுகொண்டு, ரிங்குக்குள் ஒரு நாளும் கால் வைக்காத ஆட்கள் லவ்லினாவைப் பேசிய பேச்சு என் காதில் விழுந்தது. "பணம் வந்தா திமிர் வந்துடும்" என்றார் ஒருவர். அது விமர்சனம் இல்லை. பெண்பிள்ளைகள் இங்கே பழக வருவதற்கே அக்கம்பக்கத்தில் எத்தனை வாய்களை மூட வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வாய்களில் பலவற்றை மூடியது லவ்லினாவின் பதக்கம்தான். நீ குறை சொன்னால் எந்த ரவுண்டு, எந்த நிமிஷம், எந்தக் கை என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பேசாதே, போய்ப் பார்த்துவிட்டு வா.

12. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது.

லவ்லினாவும் லீ சியானும் 2023இல் தில்லியில் போட்ட சண்டையையும், 2024இல் பாரிஸில் போட்ட சண்டையையும் அடுத்தடுத்துப் பார். போனில் சத்தத்தை அணைத்துவிடு, வர்ணனையாளர் உனக்காகப் பார்க்க வேண்டாம். முதல் தடவை லீயின் கால்களை மட்டும் பார். இரண்டாவது தடவை, லவ்லினா ஒரு குத்து வாங்கினதும் அடுத்து என்ன செய்கிறார் என்று நோட்டில் குறி: திருப்பி அடித்தாரா, விலகினாரா, பிடித்தாரா. தில்லிக்கு ஒரு பக்கம், பாரிஸுக்கு ஒரு பக்கம். என் கருத்தோடு உன் நோட்டு ஒத்துப்போக வேண்டும் என்று அவசியம் இல்லை. நான் தப்பு என்று நோட்டு சொன்னால், எந்த ரவுண்டில் என்று காட்டு, உட்கார்ந்து மறுபடி பார்ப்போம்.